சைரந்திரி வேலை கேட்ட நாள்

(கீழ்பென்னாத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவின் தலைப்பை அறக்கட்டளையினர் என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்தியவள் நான். பேரேடு, ஐந்தொகை, தேய்மானம் என்று எதைக் கேட்டாலும் தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாமல் போயிற்று. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. அதைத் தீர்க்கத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

பிளஸ் டூ முடித்த பெண். மல்லாட்டை பறிக்கப் போகும் அம்மா, லாரியில் லோடு ஏற்றும் அப்பா. திருவண்ணாமலையில் ஒரு ஜவுளிக் கடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. புடவைப் பிரிவுக்குப் பெண்கள் தேவை, வயது 18 முதல் 25 வரை, நல்ல தோற்றம் அவசியம், போட்டோ அனுப்பவும். அவ்வளவுதான். மதிப்பெண் பட்டியல் கேட்கவில்லை. கணக்கு தெரியுமா என்று கேட்கவில்லை. வணிகவியலில் அவள் வாங்கிய 92 மதிப்பெண்ணுக்கு அந்த விளம்பரத்தில் இடமே இல்லை. என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று போட்டோக்களைக் காட்டினாள். "மிஸ், இதுல எதுல நான் கொஞ்சம் செவப்பா தெரியறேன்?"

"உனக்கென்னம்மா, நல்லாத்தானே இருக்க" என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடை வேலைக்குப் போகிறவர்களுக்கு அழகு முக்கியமா? முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முக்கியம்தான். முக்கியமாக இருக்கக் கூடாது என்று நான் நினைப்பது வேறு விஷயம். நடப்பதை நடக்கவில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது.

1994இல் டேனியல் ஹாமர்மெஷ், ஜெஃப் பிடில் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்புகளில், எதிரே உட்கார்ந்து பேசியவரின் தோற்றத்துக்குக் கேள்வி கேட்டவரே ஒரு மதிப்பெண் போட்டு வைத்திருந்தார். அதையும் வருமானத்தையும் இணைத்துப் பார்த்தார்கள். பார்க்கச் சுமார் என்று குறிக்கப்பட்டவர்களுக்கு, நடுத்தரத் தோற்றம் உள்ளவர்களைவிட நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை சம்பளம் குறைவு. அழகானவர்களுக்குக் கிடைத்த கூடுதல் அதைவிடச் சற்றுக் குறைவுதான். அதாவது அழகுக்குக் கிடைக்கும் பரிசைவிட அழகில்லாமைக்கு விதிக்கப்படும் அபராதம் பெரியது. இது பெண்களின் பிரச்சினை மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆண்களுக்கும் இந்த அபராதம் குறையவில்லை என்பதும் அந்த ஆய்வில் உண்டு.

எனக்கு அதைவிடப் பெரிய பாடம், 2006இல் மார்கஸ் மோபியஸ், தான்யா ரோசன்பிளாட் இருவரும் வெளியிட்ட சோதனை. வழி தேடிக் கண்டுபிடிக்கும் புதிர்க் கட்டங்களைப் போடுவதுதான் வேலை. அந்த வேலைக்கும் முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. அழகானவர்கள் அதை மற்றவர்களைவிட நன்றாகச் செய்யவுமில்லை. இருந்தும் முதலாளி இடத்தில் இருந்தவர்கள் அழகானவர்களுக்கே திறமை அதிகம் என்று நம்பிக் கூடுதல் சம்பளம் கொடுத்தார்கள். சில முதலாளிகளுக்கு முகத்தையே காட்டவில்லை, தொலைபேசியில் மட்டும் பேச வைத்தார்கள். அங்கும் அழகானவர்களுக்குத்தான் கூடுதல் கிடைத்தது. முகமே தெரியாத இடத்தில் எப்படி? சின்ன வயதிலிருந்து "லட்சணமா இருக்கா" என்று கேட்டு வளர்ந்தவளின் பேச்சிலேயே ஒரு நிமிர்வு வந்துவிடுகிறது. "கருவாச்சி" என்று கேட்டு வளர்ந்தவளின் குரல் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. முப்பத்தொரு வருடம் வகுப்பில் வாய்மொழித் தேர்வு வைத்தவள் சொல்கிறேன், அந்தச் சோதனை பொய்யில்லை.

நம்மூர்ப் பழைய கடைக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சொல் உண்டு. முகராசி. காலையில் முதல் போணி யார் கையால் ஆகிறது, யார் முகத்தில் விழித்துக் கடை திறந்தோம் என்று பார்ப்பார்கள். அந்த முகராசிக்கும் அழகுக்கும் தொடர்பு கிடையாது. அம்மைத் தழும்பு நிறைந்த முகம் கொண்ட பெரியவர் ஒருவரைப் போணிக்கென்றே கூப்பிட்டு வைத்துக்கொண்ட மளிகைக் கடையை என் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். சந்தையில் கீரை விற்கும் ஆயாவிடம் போகிறவர்கள் கட்டு பெரிதா சிறிதா என்றுதான் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டு, குளிர்சாதனம் வைத்து, மாடி மாடியாகக் கடை எழும்பிய பிறகு, பெண்கள் கூட்டம் கூட்டமாக அந்த வேலைக்கு வந்த பிறகுதான் "நல்ல தோற்றம்" என்ற நிபந்தனை விளம்பரத்தில் ஏறியது.

இனி நம் கூத்துக்கு வருகிறேன். இந்தச் செஞ்சிச் சாலையின் இரு பக்கமும் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊர் குறைவு. பாரதம் படித்து, கூத்து கட்டி, படுகளம் போட்டு, தீ மிதித்து வளர்ந்தவர்கள் நாம். கீசக வதத்தை விடிய விடியப் பார்த்திருப்பீர்கள். பீமன் கீசகனைப் பிடிக்கும் நேரத்துக்குத்தான் எல்லோரும் கண் விழித்திருப்போம். நான் உங்களைக் கொஞ்சம் முன்னால் இருக்கும் கட்டத்துக்கு அழைக்கிறேன். நமக்குத் தெரிந்த கதைகளிலேயே பழைய வேலை நேர்காணல் அதுதான் என்பது என் எண்ணம்.

அஞ்ஞாதவாசத்துக்கு விராட நகரம் வந்த திரௌபதி, சைரந்திரி என்ற பெயரில் ராணி சுதேஷ்ணையிடம் வேலை கேட்டு நிற்கிறாள். தனக்கு என்ன தெரியும் என்று ஒழுங்காகச் சொல்கிறாள். தலை வாரிப் பின்னுவேன், சாந்து அரைப்பேன், மாலை கட்டுவேன். முன் அனுபவமும் சொல்கிறாள். சத்தியபாமாவிடம் இருந்தேன், பாண்டவர்களின் திரௌபதியிடம் இருந்தேன். எச்சில் உண்ண மாட்டேன், கால் கழுவ மாட்டேன் என்று தன் நிபந்தனையையும் வைக்கிறாள். இதைவிட நல்ல பயோடேட்டா உண்டா? ராணி இதில் எதைப் பற்றியும் கேட்கவில்லை. ஒரு பின்னல் போட்டுக் காட்டு என்று சொல்லவில்லை. அவள் பேசியதெல்லாம் வந்தவளின் உடம்பைப் பற்றித்தான். இவ்வளவு அழகாக இருக்கிறாயே, உன்னை வீட்டில் வைத்தால் ராஜா என்னை மறந்துவிடுவாரே என்பதுதான் அவள் கவலை.

வேலை கிடைக்கிறது. பிறகு ராணியின் தம்பி கீசகன் வருகிறான். அவன் மாளிகைக்குப் போய் மது வாங்கி வா என்று அவளை அனுப்புவது யார் தெரியுமா? அதே ராணிதான். அங்கிருந்து ஓடி வந்தவளைச் சபையில் வைத்து எட்டி உதைக்கிறான் கீசகன். விராட மன்னன் கீசகனைத் தட்டிக் கேட்கவில்லை. கீசகன் செத்த பிறகாவது அவளுக்கு நியாயம் உண்டா? அழகால் ஆபத்து வருகிறது, அவளைப் போகச் சொல் என்று ராஜா ராணியிடம் சொல்லி அனுப்புகிறான். இன்னும் பதின்மூன்று நாள் மட்டும் பொறுக்கும்படி அவள் கெஞ்ச வேண்டியிருந்தது.

எடுத்ததும் தோற்றத்தைப் பார்த்து, தொல்லை கொடுத்ததும் தோற்றத்தைப் பார்த்து, வெளியே போகச் சொன்னதும் தோற்றத்தைச் சொல்லி. அவள் பின்னிய பின்னலைப் பற்றி அந்த அரண்மனையில் கடைசி வரை யாரும் ஒரு சொல் பேசவில்லை. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கிருஷ்ணை என்று அவளுக்கு ஒரு பெயர் உண்டு. கறுப்பி என்று பொருள்.

1986இல் பி.காம். முடித்துவிட்டு, மேலே படிக்கப் பணம் இல்லாமல், நானும் என் தோழி ஒருத்தியும் ஒரு கடைக்கு வேலை கேட்டுப் போனோம். எந்த ஊர், எந்தக் கடை என்பதெல்லாம் இன்று வேண்டாம். கல்லாவில் இருந்தவர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். சான்றிதழ் உறையை நான் நீட்டினேன், அவர் கை நீட்டவில்லை. "நீ திங்கக்கிழமை வந்துடும்மா" என்று தோழியைப் பார்த்துச் சொன்னார். "உனக்குச் சொல்லி அனுப்புறோம்" என்று என்னைப் பார்த்து. அவள் சிவப்பு, நான் கறுப்பு. பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அழகால் தோற்றவள் கதை இது. அழகால் ஜெயித்தவள் கதை இதைவிடக் கொடுமையானது. இரண்டு ஆண்டுகளுக்குள் அவள் அந்த வேலையை விட்டாள். புடவை காட்டும்போது கையைத் தொடுகிறவர்கள், மேலே போட்டுக் காட்டு என்று வேண்டுமென்றே திரும்பத் திரும்பக் கேட்கிறவர்கள், கணக்குச் சரிபார்க்க என்று கடை சாத்திய பிறகு நிறுத்தி வைக்கிறவர். "உன்னை எடுத்ததே கஸ்டமர் உன் முகத்தைப் பாத்து வரணும்னுதானே" என்று அவளிடம் சொன்னார்களாம். முகத்துக்காக எடுத்தோம் என்று சொல்லிவிட்டால், முகத்தைப் பார்க்க வருகிறவனை எப்படித் தடுப்பது? வாசலிலேயே அவனுக்கு உரிமைச் சீட்டு கொடுத்தாகிவிட்டதே.

விற்க வரும் பெண்ணின் சரக்கை விட்டு அவள் உடம்பைப் பார்ப்பது நேற்று வந்த வழக்கமும் அல்ல. அகநானூற்றின் 390ஆம் பாட்டில் உப்பு விற்கும் பெண்ணை ஒருவன் வழிமறித்து, உப்பின் விலையை விட்டு அவள் மேனியின் விலை கேட்கிறான். அகப்பாட்டில் அது காதலுக்கு முதல் படி. கடையில் பத்து மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு அது அன்றாடத் தொல்லை.

கடைக்காரர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். புடவை விற்பது கண்ணால் நடக்கிற வியாபாரம், சிவந்த பெண் தோளில் போட்டுக் காட்டினால்தான் புடவை எடுபடும் என்பார்கள். இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தொழில் இங்கேதான் இருக்கிறது.

நல்ல விற்பனைப் பெண் என்ன செய்கிறாள் என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு குடும்பம் ஏழு பேராக வந்து ஜமக்காளத்தில் உட்காருகிறது. கல்யாணப் பெண், அவள் அம்மா, மாமியார், நாத்தனார், இரண்டு சித்திகள், பணப்பையோடு ஓரமாக ஒரு தாய்மாமன். புடவை கட்டப்போவது ஒருத்தி, பிடிக்க வேண்டியது இன்னொருத்திக்கு, பணம் எடுப்பது மூன்றாமவர். இந்த மூன்று பேரும் யார் யார் என்று ஐந்தாவது புடவை விரிப்பதற்குள் அவள் கண்டுபிடித்துவிட வேண்டும். மாமன் பையைத் தொடும் விதத்தில் எட்டாயிரமா பதினெட்டாயிரமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆரணிப் பட்டுக்கும் காஞ்சிப் பட்டுக்கும் கனம் எப்படி மாறும், பாவு என்ன, ஊடை என்ன, கரையைத் தனியாகக் கோத்து நெய்த கோர்வைப் புடவை எது, ஜரிகை எந்த அளவு சுத்தம் என்று கேட்டவுடன் சொல்ல வேண்டும். மாமியார் முகம் சுண்டினால் அந்த நிறத்தை மெதுவாக மடித்துக் கீழே தள்ளிவிட வேண்டும், பெண்ணின் மனம் நோகாமல். நூறு புடவை விரித்து ஒன்று விற்றபின், மிச்சம் தொண்ணூற்றொன்பதையும் மடிப்புக் கலையாமல் அடுக்க வேண்டும். அடுத்த குடும்பம் அதற்குள் வந்து உட்கார்ந்திருக்கும். நான் பள்ளியில் கற்றுக்கொடுத்த பாடம் எதிலும் இவ்வளவு படிப்பு இல்லை.

நிறத்துக்கு வருகிறேன். இந்தத் தாலுகாவிலிருந்து புடவை எடுக்கப் போகிற பெண்களில் பெரும்பாலானோர் மாநிறம், இல்லையென்றால் கறுப்பு. பால் வெள்ளைத் தோளில் போட்டுக் காட்டிய நிறம் அவள் வீட்டுக்கு வந்து கட்டிப் பார்க்கும்போது வேறாகத் தெரிகிறது. மாம்பழ மஞ்சளும் அரக்கும் கறுத்த மேனியில் எப்படி எழும்பி நிற்கும், எந்த இளநீலம் முகத்தைச் சாம்பலாக அடித்துவிடும் என்று சொல்லத் தெரிந்தவள் அந்த நிறத்தோடு பிறந்து வளர்ந்த பெண்தான். கவுண்டரில் நிற்க லாயக்கில்லை என்று அனுப்பிய பெண்ணிடம்தான் வாடிக்கையாளருக்குத் தேவையான அந்த அறிவு இருந்தது. இது இரக்கத்தில் சொல்வதில்லை, வியாபாரக் கணக்கில் சொல்கிறேன்.

அப்படியானால் ஏன் தோற்றத்தைக் கேட்கிறார்கள்? நெடுநாள் யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் இது. நான் சொன்ன அந்த வேலையைத் திறமை என்று ஒப்புக்கொண்டால், அதற்குச் சம்பளம் போட வேண்டும். வருடம் கூடக் கூடச் சம்பளம் கூட வேண்டும், ஏனென்றால் அனுபவம் கூடுகிறது. அழகு என்று சொல்லிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. கணக்குப்பதிவியல் படித்த பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுவோம், ஆண்டுக்காண்டு அதன் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வருவோம். 18 முதல் 25 வரை என்று விளம்பரம் கொடுப்பவர் அந்தப் பெண்ணைத் தேய்மானம் எழுதும் பொருளாகத்தான் வாங்குகிறார். ஏழு வருடத்தில் மதிப்பு பூஜ்யம். அவளால் கடைக்குத் திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர்களை நாம் நற்பெயர் என்ற தலைப்பில் எழுதுவோம். அந்த நற்பெயர் முழுவதும் கடையின் பேரேட்டில் ஏறுகிறது, அவள் பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. "அவ முகத்துக்கு வியாபாரம் ஆவுது" என்பது பாராட்டு மாதிரி கேட்கும். அவள் வேலையை அப்படியே அழித்துவிடுகிற பேச்சு அது.

இந்தக் கணக்கு கடையோடு நிற்பதில்லை. ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும், சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்தாலோ முதல் கர்ப்பம் தரித்தாலோ வேலை போய்விடும் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. நர்கேஷ் மீர்சா என்ற பணிப்பெண் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கர்ப்பத்துக்காக வேலையை விட்டு நீக்கும் விதியை 1981இல் நீதிமன்றம் அடித்துப் போட்டது. கல்யாண விதியை விட்டுவைத்தது. படித்த பெண்களுக்கு, அன்றைய அரசு நிறுவனத்திலேயே, இதுதான் நிலைமையாக இருந்தது.

தோற்றத்தைப் பார்த்து ஆளை எடுப்பதில் இன்னொரு அநியாயம் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அழகு என்று நாம் சொல்வதில் பாதி, பிறந்த வீட்டின் வரவு செலவு. வரிசையான வெண்மையான பல் என்கிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. குழந்தையில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்பு ஏறிவிடும், எதைக் கொண்டு தேய்த்தாலும் போகாது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார்கள், 2013இல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்து வளர்ந்த பெண் கவுண்டர் வேலைக்கு வந்து சிரித்தால், பல் சரியில்லை என்று அனுப்புகிறார்கள். அவள் குடித்த தண்ணீருக்கு அவளா பொறுப்பு? உயரம் என்பது கர்ப்பத்தில் இருந்தபோது தாய் என்ன சாப்பிட்டாள் என்பதையும் பொறுத்தது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. வெளிறிய முகத்தை, சோர்ந்த கண்ணை, உதிர்ந்த முடியைப் பார்த்து "களை இல்லை" என்று சொல்கிறவர், அவள் வீட்டு அடுப்பைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறார், தெரியாமலே. நிறத்தைச் சொல்லும்போது அதற்குப் பின்னால் சாதியும் வந்து நிற்கிறது. இந்த மண்ணில் வெயிலில் நின்றவர்கள் யார், நிழலில் உட்கார்ந்தவர்கள் யார் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த வெயிலை ஒரு டியூப்பில் அடைத்த களிம்பால் துடைத்துவிடலாம் என்று விற்றார்கள். ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் சந்தைக்கு வந்தது. பிறகு வந்த அதன் விளம்பரம் ஒன்றில், மகன் இல்லையே என்று ஏங்கும் அப்பாவின் கறுத்த மகள் களிம்பு பூசி, சிவந்து, விமானப் பணிப்பெண் வேலை வாங்கி, அப்பாவுக்குக் காபி வாங்கித் தருவாள். மாதர் சங்கத்தின் எதிர்ப்புக்குப் பிறகு அந்த விளம்பரம் நின்றது. 2020இல் பெயரிலிருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. களிம்பு போகவில்லை. வேலைக்கும் நிறத்துக்கும் அவர்கள் போட்ட முடிச்சும் அவிழவில்லை. என் திண்ணையில் மூன்று போட்டோவோடு உட்கார்ந்திருந்த பெண்ணின் கேள்வியில் அந்த முடிச்சைத்தான் கண்டேன்.

சட்டத்தால் இதில் ஏதாவது செய்ய முடியுமா? முகத்தைப் பார்க்காதே என்று எப்படிச் சட்டம் போடுவது என்பார்கள். போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி உயரம், எடை பார்த்து வேலை மறுக்கக் கூடாது. வாஷிங்டன் நகரத்தில் 1977 முதல் தோற்றத்தையே சொல்லி மறுக்கக் கூடாது. பிரான்சு 2001இல் உடல் தோற்றத்தைத் தன் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சேர்த்தது. அபெர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் என்ற அமெரிக்க உடைக் கடை, விற்பனையாளர்களை 'மாடல்' என்றே அழைத்துத் தோற்றம் பார்த்து எடுத்துவந்தது. வெள்ளை நிறத்தவர் அல்லாதவர்களை முன்கடையில் நிறுத்தாமல் ஒதுக்கியதாக வழக்கு வந்து, 2004இல் நான்கு கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தலைமறைப்பு அணிந்து வந்த ஒரு முஸ்லிம் பெண்ணை அவர்கள் வேலைக்கு எடுக்காத வழக்கில், 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவள் பக்கம் நின்றது. அதே ஆண்டு, இனித் தோற்றம் பார்த்து ஆள் எடுப்பதில்லை என்று அந்த நிறுவனமே அறிவித்தது.

நம் நாட்டில் தனியார் கடைக்கு அப்படி ஒரு தடை இல்லை. ஆனால் நம் மாநிலத்தில் ஏற்கெனவே ஒரு கதவு திறந்திருக்கிறது. நான் நாற்காலியைச் சொல்கிறேன்.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்ற பெண்மணி, கடைப் பெண்களைச் சேர்த்துப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். கழிப்பறை இல்லை என்பதில் தொடங்கி, உட்கார உரிமை வேண்டும் என்பது வரை போராடினார்கள். 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. நாம் இரண்டாவது. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் கொண்டுவந்த திருத்தத்தால், 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலை நேரம் முழுவதும் நின்றுகொண்டே இராமல், வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார எல்லாத் தொழிலாளருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. உங்கள் கீழ்பென்னாத்தூர்த் தொகுதியின் அன்றைய உறுப்பினர் கு. பிச்சாண்டி துணைத் தலைவராக இருந்த பேரவையில் நிறைவேறிய சட்டம். ஜவுளிக் கடை ஊழியர்களின் கதையைச் சொன்ன வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் 2010இல் வந்தபோது தியேட்டரில் அழுதுவிட்டு வந்த நமக்கு, அந்த அழுகைக்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவே பதினொரு ஆண்டுகள் ஆயின.

கால்வலிக்கான சட்டம்தானே, இதற்கும் அழகுக்கும் என்ன என்று நினைக்கலாம். உட்காரக் கூடாது என்று ஏன் வைத்திருந்தார்கள்? உட்கார்ந்தால் வேலை கெட்டுப்போகும் என்றா? கடையில் ஆளே இல்லாத மதியம் இரண்டு மணிக்கும் நிற்கத்தானே சொன்னார்கள். உட்கார்ந்திருந்தால் பார்க்க நன்றாக இல்லை, கஸ்டமருக்கு மரியாதையாக இல்லை என்பதுதான் காரணம். நிற்பதும் தோற்றத்தில் ஒரு பகுதி. சீருடைப் புடவை, மல்லிகைச் சரம், சிரிப்பு, அதோடு நிற்பது. அவள் கால் நரம்பு சுருண்டு நீலம் பாய்வதைவிட, அவள் எப்படித் தெரிகிறாள் என்பது பெரிதாக இருந்தது. சட்டம் முதல் தடவையாக அந்தக் கண்ணுக்குக் குறுக்கே ஒரு ஸ்டூலைப் போட்டது. ஒரு தடவை போட முடிந்தால் இன்னொரு தடவையும் போட முடியும். வேலை விளம்பரத்தில் தோற்றம், நிறம், உயரம் கேட்கக் கூடாது என்று அதே சட்டத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி இந்த ஊரிலிருந்து ஒரு மனு போகட்டும். முதல் கையெழுத்து என்னுடையது.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே இருக்கும் கடைக்காரர்களில் பலர் என்னிடம் கணக்கு படித்தவர்கள், உரிமையோடு கேட்கிறேன். போட்டோ கேட்காதீர்கள். வருகிற பெண் கையில் மூன்று புடவையைக் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு அம்மாவையே வாடிக்கையாளராக உட்கார வைத்துப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பில் போடச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஆகும். சுத்தமாக வா, எண்ணெய் வைத்துத் தலை சீவி வா, நகம் வெட்டி வா என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. அதை யாராலும் செய்துவிட முடியும். யாராலும் மாற்றிக்கொள்ள முடியாததைக் கேட்காதீர்கள்.

மாணவிகளே, உங்களுக்கு நான் தர வேண்டிய பதில் பாக்கி இருக்கிறது. முகத்தைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு வேண்டாம் என்றும் சொல்வார்கள். அந்த "வேண்டாம்" உங்களைப் பற்றிய செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் 1986இல் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நிற்பதையே பல வருடம் தவிர்த்தேன், வகுப்புப் படம் எடுக்கும் நாளில் லீவு போட்டேன். அந்த வருடங்களை எனக்கு யாரும் திருப்பித் தரவில்லை. முகத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டாலும் கவனமாக இருங்கள். எடுத்த கையோடு உங்கள் வேலையை ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். இன்று எத்தனை குடும்பம், எத்தனை புடவை, எவ்வளவு ரூபாய். சம்பளம் கேட்கப் போகும் நாளில் அந்த நோட்டைக் கையில் எடுத்துப் போங்கள். சைரந்திரியிடம் அப்படி ஒரு நோட்டு இருக்கவில்லை.

என் திண்ணைக்கு வந்த அந்தப் பெண் கடைசியில் போட்டோ அனுப்பவில்லை. நேராகவே போனாள். புடவைப் பிரிவில் எடுக்கவில்லை, பில்லிங்கில் போட்டார்கள். கூட்டல் தப்பாமல் போடுகிறாள் என்று கல்லாவில் இருப்பவருக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டதாம். போன வாரம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். கால் வலிக்கிறதா என்று கேட்டேன்.

"ஸ்டூல் போட்டிருக்காங்க மிஸ். ஆனா உக்காந்தா சூப்பர்வைசர் ஒரு மாதிரி பாக்குறாரு."

"பார்க்கட்டும்" என்றேன். "நாளைக்கு நீ உட்காரு."